ஆடிப்பட்டம் தேடி விதை

(உழவர் பயிற்சிக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆடி பிறந்துவிட்டது. காற்று எழும்பி, வேப்பம்பழம் உதிர்ந்து கொண்டிருக்கிறது. வழக்கமாக இந்த மாதத்தில் உங்களிடம் பேச வந்தால், விதை நேர்த்தியைப் பற்றியோ அடியுரத்தைப் பற்றியோ பேசிவிட்டுப் போவேன். இம்முறை கூட்டத்தை நடத்துவோர், "பருவத்தைப் பற்றியும், நம் பழக்கவழக்கங்களைப் பற்றியும், மாறிவரும் மழையைப் பற்றியும் உங்கள் மனத்தில் பட்டதைப் பேசுங்கள்" என்று கேட்டுக் கொண்டார்கள். ஆகவே, ஏக்கருக்கு எத்தனை கிலோ என்ற பேச்சு இன்று குறைவாகவும், என் வீட்டுக் கதை சற்று மிகுதியாகவும் இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் பிறந்தது கோவில்பட்டிப் பக்கம், ஒரு கரிசல் கிராமம். ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது, ஒரு கண்மாய் உண்டு, அதுவும் நிறைந்த ஆண்டைவிட நிறையாத ஆண்டுகளே அதிகம். ஆண்டு முழுவதும் பெய்வது எழுநூறு மி.மீ. சொச்சம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது என்பது நீங்கள் அறிந்ததே. எங்கள் பக்கத்து மானாவாரிக்கோ அந்தப் பருவத்தை விட்டால் வேறு கதியில்லை. 1901 ஆம் ஆண்டிலேயே கோவில்பட்டியில் ஒரு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது என்றால், இந்த மண்ணில் வெள்ளாமை எடுப்பது எவ்வளவு சங்கடமான காரியம் என்பதை அன்றைக்கே உணர்ந்திருந்தார்கள் என்று கொள்ளலாம்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியைப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து என் தாயாரிடம் ஒரு கேள்வி கேட்டேன். எங்கள் ஊரில் ஆடியில் யாரும் விதைப்பதில்லை. ஆடியில் உழவுதான் ஓடும். விதைப்பு புரட்டாசியில். தென்மேற்குப் பருவமழையில் ஓரளவு நனையும் கொங்கு நாட்டுக்கும், சேலம், தருமபுரிப் பக்கத்து நிலக்கடலைக்கும் ஆடிப்பட்டம் சரி. நமக்கு இந்தப் பழமொழி பொய்தானே என்றேன். அம்மா முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்: "ஆடின்னு மட்டுமாய்யா சொல்லியிருக்கு? தேடின்னும்ல சொல்லியிருக்கு."

பின்னாளில் வேளாண்மைக் கல்லூரியில் பயின்றேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் விரிவாக்கப் பணியில் இருந்தேன். அந்தப் பழமொழிக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. மாதத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுதலை விட்டுவிட்டோமோ என்பதுதான் இன்று என் கவலை.

அக்காலத்தில் எப்படித் தேடினார்கள்? மழை பெய்த மறுநாள் காலையில் "எத்தனை மி.மீ.?" என்று யாரும் கேட்டதில்லை. "எத்தனை உழவு மழை?" என்றுதான் கேட்பார்கள். கொழு இறங்கும் ஆழத்துக்கு ஈரம் நின்றால் அது ஓர் உழவு மழை. அதற்குக் கீழும் ஈரம் போயிருந்தால் இரண்டு உழவு. மேல்மண் மட்டும் நனைந்திருந்தால், "புழுதி அடங்கிச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார்கள். என் தந்தையார் புஞ்சைக்குப் போய் மூன்று நான்கு இடங்களில் களைக்கொத்தால் தோண்டுவார். அடிமண்ணை எடுத்து உருட்டிப் பார்ப்பார். உருண்டை நின்றால் சரி. கையில் ஒட்டினால் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். உதிர்ந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். மழையை வானத்தில் அளக்காமல் மண்ணுக்குள் அளந்தார்கள். பயிருக்கு வேண்டியதும் அந்த அளவுதானே!

எங்கள் வீட்டுத் தொழுவத்துச் சுவரில் கரிக்கோடுகள் இருக்கும். உழவு மழைக்கு ஒரு நெடுங்கோடு, அரை உழவுக்குக் குறுங்கோடு. ஐப்பசிக்கு ஒரு வரிசை, கார்த்திகைக்கு ஒரு வரிசை. எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி தொடங்கி வைத்த கணக்கு அது. என் தங்கையின் திருமணத்துக்கு வீட்டை வெள்ளையடித்தபோது அந்தச் சுவரையும் சேர்த்து அடித்துவிட்டோம். அடிக்கச் சொன்னவன் நான்தான். அப்போது வானிலைப் புள்ளிவிவரங்களைப் பாடமாகப் படித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

இவ்வாறு தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வைத்ததன் சாரம்தான் நம் மாதக் கணக்குப் பழமொழிகள். அவை சட்டம் அல்ல. ஒரு வட்டாரத்தின் அனுபவச் சராசரி. அந்த மாதங்களும்கூட நாம் நினைப்பதுபோல் ஒரே இடத்தில் அறைந்து வைத்தவை அல்ல. நம் சூரிய மாதங்கள் நட்சத்திரங்களை வைத்துக் கணிக்கப்படுகின்றன. பருவங்களோ சூரியன் வடக்கும் தெற்குமாகத் திரும்புவதைப் பொறுத்தவை. இரண்டுக்கும் ஆண்டுக்குச் சில நிமிடங்கள் வேறுபாடு. அது சேர்ந்து சேர்ந்து, அறுபது எழுபது ஆண்டுகளுக்கு ஒரு நாள் என்ற அளவில் மாதப்பிறப்பு பருவத்தைவிட்டுப் பின்தள்ளிப் போகிறது. தை முதல் நாளை உத்தராயணம் என்கிறோம். உண்மையில் சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21, 22 இல். மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஐப்பசியும் இன்றைய ஐப்பசியும் ஒன்றல்ல. இதைச் சொல்வதால் பொங்கல் வைப்பதைத் தள்ளிப்போடச் சொல்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள்!

காவிரிப் பாசனப் பகுதி நண்பர்களுக்கு இது வேறு வகையில் புரியும். குடகில் தென்மேற்குப் பருவமழை பெய்து, ஆடியில் ஆறு பெருகி வந்ததால் ஆடிப்பெருக்கு. 1934 இல் மேட்டூர் அணை வந்தபின் அந்தப் பெருக்கு மதகின் கைக்குப் போயிற்று. ஜூன் 12 ஆம் நாள் அணை திறப்பது மரபு. ஆனால் 2017 இல் பாசனத்துக்குத் திறந்தது அக்டோபர் 2 ஆம் நாள். 2022 இல் மே 24 ஆம் நாள். 2024 இல் ஜூலை 28 ஆம் நாள். ஆடிப் பதினெட்டு மட்டும் தவறாமல் ஆடிப் பதினெட்டிலேயே வந்துகொண்டிருக்கிறது. விழாவுக்கென்றே சில ஆண்டுகளில் தண்ணீர் விடவேண்டியுமிருக்கிறது.

இனி மழைக்கு வருவோம். "கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை, கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை" என்பது எங்கள் பக்கத்தில் எல்லார் வாயிலும் இருக்கும் சொல். இதை நம்பித்தான் கார்த்திகைக் கடைசியில் வரப்பை வெட்டிவிடுவோம், களத்தைச் செதுக்குவோம். 2023 டிசம்பர் 17 ஆம் நாள் மார்கழி முதல் தேதி. அன்றும் மறுநாளும் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவாயிற்று. எங்கள் பகுதி ஓர் ஆண்டு முழுவதும் பெறுகிற மழையைவிட அது அதிகம். கார்த்திகை முடிந்த மறுநாள் இது நடந்தது. 2021 ஆம் ஆண்டிலோ தைப் பொங்கலையொட்டி விடாமல் பெய்து, காவிரிப் படுகையில் அறுவடைக்கு நின்ற சம்பா நெற்கதிர்கள் வயலிலேயே சாய்ந்து முளைத்தன. "தை மழை நெய் மழை" என்ற பழமொழியை அந்த ஆண்டு அங்கே யாரிடமும் சொல்லியிருக்க முடியாது.

இதற்கு ஒரு காரணம் எளிதில் விளங்கக்கூடியது. காற்று ஒரு பாகை செல்சியசு கூடுதலாகச் சூடேறினால், அது ஏறத்தாழ 7 சதம் கூடுதல் நீராவியைத் தாங்கிக்கொள்ளும். பூமியும் கடலும் சூடேறிவரும் இந்நாளில், காற்று நீராவியை நெடுநேரம் சேர்த்து வைத்துக்கொண்டு, கொட்டும்போது மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. ஆண்டு மழையின் கூட்டுத்தொகை மாறாதபோதும் மழை நாட்கள் குறைந்து, ஒரு நாள் பெய்வது கூடுகிறது. இடையில் வறண்ட நாட்கள் நீளுகின்றன. மானாவாரிப் பயிருக்கு எமனாக வருவது அந்த இடைவெளிதான். மொத்த மழைக் கணக்கைப் பார்த்தால் அது தெரியாது.

இப்போது 2016 ஆம் ஆண்டுக் கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன்.

அந்தப் புரட்டாசியில் என் தமையனார் தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, மழைக்கு முன்னாடியே சோளம் விதைச்சிரலாமா? நீதான் ஊருக்கெல்லாம் சொல்றவன், நமக்கும் சொல்லு" என்றார். கரிசலில் பருவமழைக்கு முந்திய விதைப்பு நல்ல முறைதான். இன்றும் அதை நான் குறை சொல்ல மாட்டேன். செப்டம்பர் பிற்பாதியில் காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டால், முதல் நல்ல மழையிலேயே முளைத்து, பருவம் முழுவதையும் பயிர் பயன்படுத்திக் கொள்ளும். "விதைச்சிருங்கண்ணே" என்றேன். அதோடு வைத்துவிட்டேன். அன்று எனக்கு ஏதோ கூட்டம்.

அந்த முறையில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, விதையைக் கடினப்படுத்த வேண்டும். அதாவது ஒரு லிட்டர் நீருக்கு 20 கிராம் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்த 2 சதக் கரைசலில் சோள விதையை 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய எடைக்கு வரும்வரை உலர்த்த வேண்டும். இரண்டாவது, விதை 5 செ.மீ. ஆழத்தில் விழவேண்டும். ஏன் இந்த ஆழம்? தூறலுக்கும் புழுதி அடங்கும் மழைக்கும் விதை விழித்துக்கொள்ளக்கூடாது. ஈரம் அவ்வளவு தூரம் இறங்கினால்தான் முளைக்க வேண்டும். நம் பெரியவர்களின் உழவு மழைக் கணக்கை, விதையே பார்த்துக்கொள்ளும்படி செய்த ஏற்பாடு இது. இந்த இரண்டையும் நூறு கூட்டங்களில் சொன்னவன், உடன்பிறந்தவரிடம் சொல்லவில்லை. தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

அண்ணன் வாடகை டிராக்டரை வைத்துக் கையால் வீசி, கலப்பையை மேலோட்டமாக ஓட்டிவிட்டார். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தொடங்கியதே அக்டோபர் 30 ஆம் நாள். ஐப்பசியில் ஒரு மழை விழுந்தது. அரை உழவுகூட இல்லை. மேலே கிடந்த விதை அத்தனையும் முளைத்தது. பச்சைப் பாய் விரித்தாற்போல் இருந்ததாக அண்ணன் மகிழ்ச்சியோடு சொன்னார். பிறகு மூன்று வாரம் ஒரு சொட்டு இல்லை. நான் ஊருக்குப் போனபோது, ஐந்து ஏக்கரும் வைக்கோல் நிறத்தில் நின்றது.

அந்தப் பருவத்தில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த மழை இயல்பைவிட 62 சதம் குறைவு. 2017 சனவரியில் அன்றைய 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. ஆகவே, ஆழமாக விதைத்திருந்தாலும் முழு விளைச்சல் வந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் விதை மண்ணுக்குள் காத்திருந்திருக்கும். மாட்டுக்குத் தட்டையாவது தேறியிருக்கும். அண்ணன் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

எங்கள் அம்மாவுக்கு அப்போது எண்பது வயதை ஒட்டியிருக்கும். விதைப்பெட்டியை ஒருபோதும் வழித்துத் துடைக்க விடமாட்டார். "பெட்டியை வெறும் பெட்டியாக்காதிங்கய்யா" என்று சொல்லி, கடைசி ஒரு மரக்கால் விதையை எடுத்துக் குலுக்கையில் போட்டுவிடுவார். நாங்கள் அதை ஏதோ சாத்திரம் என்று நினைத்துச் சிரித்திருக்கிறோம். கார்த்திகை நடுவில் ஒரு மழை கிடைத்தபோது, அந்த ஒரு மரக்கால் சோளத்தைத் தீவனத்துக்கென்று வீட்டருகே இருந்த முக்கால் ஏக்கரில் விதைத்தார் அண்ணன். கதிர் சரியாக வரவில்லை. தட்டை வந்தது. அதைக் கொண்டு பசுமாட்டையும் கன்றையும் காப்பாற்றினோம். உழவு மாடு இரண்டையும் மாசியில் விற்க வேண்டியதாயிற்று. அதன்பின் அந்தத் தொழுவத்தில் காளை கட்டவில்லை.

மறுவிதைப்புக்கு விதை ஒதுக்குவது, ஒரே நிலத்தில் பல பயிர் கலப்பது இரண்டும் சேர்ந்துதான் பழைய கரிசல் வேளாண்மை. கருங்கண்ணிப் பருத்திக்குள் உளுந்து ஊடுபயிராக ஓடும். ஓரத்தில் துவரையோ ஆமணக்கோ நிற்கும். கொஞ்சம் கம்பு, கொஞ்சம் குதிரைவாலி. மழை எந்த மாதத்தில் வஞ்சித்தாலும் ஏதோ ஒன்று வீடு வந்து சேரும். இப்போது எங்கள் வட்டாரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம். ஒரே வாரத்தில் விதைப்பு. எல்லாருக்கும் ஒரே மழையில் பிழைப்பு. 2018 இல் படைப்புழு வந்தபோது இதன் ஆபத்தை நன்றாகவே பார்த்தோம். மக்காச்சோளத்துக்கு விலையும் விற்பனையும் இருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஐந்து ஏக்கரில் ஒரு ஏக்கரையாவது வேறு பயிருக்கு, வேறு தேதிக்கு ஒதுக்குங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வழக்கங்கள் எல்லாவற்றையும் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சித்திரையில் பஞ்சாங்கம் வாசித்து, இந்த ஆண்டு இத்தனை மரக்கால் மழை என்று சொல்வதைக் கேட்பதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு, நம்பிக்கை இல்லை. மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் நிற்கும் பதினான்கு நாட்களை, கர்ப்போட்டம் என்று சொல்லி மேகத்தைப் பார்த்து அடுத்த ஆண்டு மழையைக் கணிப்பார்களே, அதுவும் என் அனுபவத்தில் பலித்ததும் உண்டு, பொய்த்ததும் உண்டு. ஆனால் பதினான்கு நாள் விடாமல் வானத்தைப் பார்த்து நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறதே, அதை இழக்கக்கூடாது. முளைப்பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்மார்களுக்கு நன்றாகத் தெரியும். வீட்டு விதையை எருவில் தூவி, நீர் தெளித்து வளர்த்து, அம்மன் கோயிலுக்கு எடுத்துச் செல்கிறீர்கள். யார் வீட்டு விதை எப்படி முளைத்தது என்பது ஊருக்கே தெரிந்துவிடும். என் மதிப்பில் அது சாமி முன்னால் நடக்கும் முளைப்புத்திறன் சோதனை. கும்மியடித்துவிட்டு அப்படியே கரைத்துவிடாமல், ஈரச் சாக்கில் நூறு சோள விதையைப் பரப்பி எண்ணியும் பாருங்கள். எழுபத்தைந்துக்குக் குறைந்தால் அந்த விதை வேண்டாம்.

வெள்ளையடித்த சுவருக்குப் பதிலாக நான் இப்போது செய்யச் சொல்வது மிகச் சிறிய வேலை. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, பக்கம் நேராக இருக்கும் பால்பவுடர் டின் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில், சாயாதபடி மண்ணில் பதித்து வையுங்கள். வானிலைத் துறையினர் அளப்பது காலை எட்டரை மணிக்கு. நீங்களும் அந்த நேரத்தில் பள்ளிக்கூட அளவுகோலை உள்ளே விட்டு நீரின் உயரத்தைப் பார்த்து, நோட்டில் குறியுங்கள். ஒரு மி.மீ. என்பது ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000 லிட்டர் தண்ணீர். பக்கத்திலேயே, புஞ்சையில் தோண்டிப் பார்த்த ஈரம் எத்தனை விரற்கடை என்பதையும் எழுதுங்கள். வெடிப்பில் இறங்கியதை நீக்கிப் பார்த்தால், கரிசலில் 25 மி.மீ. மழை அரைச் சாண் அளவுக்கு ஈரம் தரும். உங்கள் செவலில் இன்னும் ஆழமாகப் போகும். உங்கள் மண்ணின் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. மூன்று பருவம் எழுதினால் உங்கள் நோட்டில் இருக்கும். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிவுரையையும் கேளுங்கள். மேகதூத் செயலியிலும் அது கிடைக்கும். அடுத்த ஐந்து நாளைப் பற்றி அது சொல்லும். விதை விழுந்திருக்கும் ஆழத்தில் ஈரம் இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

அண்ணனுக்கு இப்போது டின் வைத்துக் கொடுத்திருக்கிறேன். மழை பெய்தால் காலை ஒன்பது மணிக்குள் தொலைபேசி வந்துவிடும். போன புரட்டாசியில் ஒரு நாள் கூப்பிட்டு, "பதினாலு மில்லி தம்பி. தோண்டிப் பார்த்தேன், மூணு விரற்கடை. ஊரில் பாதிப்பேர் டிராக்டரைக் கூப்பிட்டுட்டாங்க" என்றார். நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். "பெட்டியை இன்னும் திறக்கலை" என்றார்.